புள்ளி போடாத பாடசாலை: யாழ்ப்பாணத்துச் சிறு சபையில் ஞாயிறு பாடசாலை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கைப் பாடசாலைகளில் சமயம் ஒரு கட்டாய பாடம். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் நம் பிள்ளைகள் கிறிஸ்தவமோ கத்தோலிக்கமோ படித்துக்கொண்டுதான் வருகிறார்கள். எகிப்தில் எத்தனை வாதைகள், பவுல் எந்தெந்த ஊருக்குப் போனார் என்பதெல்லாம் வினாத்தாளில் வந்துவிடும், புள்ளியும் விழுந்துவிடும். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமையும் அதே பாடத்தை வசனம் ஒப்புவிக்க வைத்து, சரி பிழை போட்டு நடத்த ஒரு சபை எதற்கு? பிள்ளைக்கு அது இன்னொரு ரியூசன்.

1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ரொபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பாடசாலை தொடங்கியது, கிழமை முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்க. அந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வாக இருந்தது ஞாயிறு மட்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த ஞாயிறுகூடச் சரியாக மிஞ்சுவதில்லை; ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறது. எனவே கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தில், பரீட்சையால் செய்ய முடியாததைச் செய்வோம் என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். கதைகளைப் பிள்ளையின் கையில் கொடுப்பது, கேள்வி கேட்கவும் சந்தேகப்படவும் இடம் விடுவது, பக்கத்தில் இருக்கிற மனிதரை மதிக்கப் பழக்குவது: வேலை அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முற்போக்கான சபைகளுக்கு, அதாவது கேள்விக்கும் வேறு கருத்துக்கும் இடம் விடுகிற சபைகளுக்கு. முற்போக்கான சபை என்றதும், வேதாகமத்தை ஓரமாக வைத்துவிட்டு மரம் நட்டு, ‘நல்ல பிள்ளையாய் இரு’ என்று அனுப்பிவிடுகிற இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இப்படிப்பட்ட சபையில் வேதாகமத்தை இன்னும் கூடத்தான் வாசிக்க வேண்டும். சங்கடமான அதிகாரங்களையும், எந்தக் காலத்தில் யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து.

1. சபையோடு முதலில் பேசி முடியுங்கள்

பாடத்திட்டம் எழுத முன்னர் போதகர், சபைச் செயற்குழு, இரண்டு மூன்று பெற்றோர் ஆகியோரை உட்கார வைத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்குங்கள். படைப்பின் கதையை விஞ்ஞானப் பாடத்துக்கு எதிராகச் சொல்லுவோமா? சைவ, முஸ்லிம், பௌத்த அயலவரைப் பற்றி வகுப்பில் எப்படிப் பேசுவோம்? பெண்கள் பிரசங்க பீடத்தில் ஏறுவது எங்கள் பிள்ளைகளுக்குச் சாதாரணக் காட்சியாக இருக்குமா? நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை அனுமதிப்போமா?

வாயால் பேசிவிட்டு எழும்பினால் போதாது. ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, கோவையில் போடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தகப்பன் வந்து, “என்ன, டார்வினைப் படிப்பிக்கிறியளாம்?” என்று கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் உயர்தரம் படிக்கிற பதினெட்டு வயது ஆசிரியை அல்ல. அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைத்தவர்கள்.

2. பாதுகாப்பு

இதைப் பலரும் கடைசியில் வைப்பார்கள். நான் இதைச் செய்து முடிக்காமல் வகுப்பையே தொடங்கக் கூடாது என்பேன். ‘கோயில்தானே, எங்கட ஆக்கள்தானே’ என்கிற நம்பிக்கைதான் ஆபத்து.

எந்த வகுப்பிலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். அல்லது வகுப்பை விறாந்தையில் வையுங்கள், காற்றும் வரும். பிள்ளையை மோட்டார் சைக்கிளில் தனியே ஏற்றிப் போவது, தனியே வட்ஸ்அப் செய்தி அனுப்புவது இரண்டும் கூடாது. செய்தி பெற்றோரின் குழுவுக்குப் போகட்டும். அடி, காதைத் திருகுதல், முழங்காலில் நிறுத்துதல் எதுவும் வேண்டாம். ‘நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தனாங்கள்’ என்கிற பெரியவருக்கு வேறு பொறுப்புக் கொடுங்கள், பாட்டுக் கொப்பி அடுக்கட்டும். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போட முன்னர் பெற்றோரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். கேளுங்கள், சொன்னது நல்லது என்று சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் சொற்களிலேயே குறித்து வையுங்கள், அன்றைக்கே அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அழைப்பு இலக்கம் 1929. அதைச் சுவரில் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ‘சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்’ என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. நேரமும் இடமும் குழுக்களும்

ஆராதனைக்கு முன்னரா, நடுவிலா, பின்னரா என்று ஒவ்வொரு சபையிலும் ஒரு சண்டை உண்டு. என் தெரிவு: முதல் பாட்டும் செபமும் வாசிப்பும் பெரியவர்களோடு, பிரசங்க நேரத்தில் வகுப்பு, திருவிருந்துக்குத் திரும்ப உள்ளே. பிள்ளைகள் ஆராதனையையும் பார்த்து வளர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்பே வைக்காமல் முழு ஆராதனையிலும் அவர்களை இருத்துங்கள். காணிக்கைப் பை எடுப்பதும் வேதம் வாசிப்பதும் அன்றைக்கு அவர்களின் வேலை.

பிள்ளைகள் பத்துப் பேருக்கு உட்பட்டால் வகுப்புகளாகப் பிரிக்காதீர்கள். ஐந்து வயதுக் குட்டியும் பதினான்கு வயதுப் பெடியனும் ஒரே பாயில் இருந்து ஒரே கதையைக் கேட்கலாம். பிறகு செய்கிற வேலையை மட்டும் பிரியுங்கள். அதற்கு மேலே என்றால் ஏழு வயது வரை, எட்டிலிருந்து பதினொன்று, பன்னிரண்டும் அதற்கு மேலும் என்று மூன்று போதும்.

கதிரைகளை எடுத்துவிட்டுப் பாய் விரியுங்கள். கதிரை வரிசையைக் கண்டாலே பிள்ளைக்குப் பாடசாலை ஞாபகம் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற மினுங்கல் அட்டைகள், நீலக்கண் இயேசு, ஆங்கிலத்தில் அச்சான விடுமுறை வேதப்பள்ளிப் பொதிகள் வரும். நன்றி சொல்லி வாங்குங்கள். நிறப் பென்சிலையும் பசையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அலுமாரியில் வையுங்கள்.

4. யார் படிப்பிப்பது

வழக்கமாக உயர்தரம் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளைப் பிடித்து விட்டுவிடுவோம். அவர்களுக்குப் பரீட்சை வந்ததும் ஞாயிறு பாடசாலை படுத்துவிடும். ஒரு இளையவர், ஒரு மூத்தவர் என்று சோடி சேருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, தாதி, மேசன், கடைக்காரர், யாரானாலும் கதை சொல்லத் தெரிந்து கேள்விக்குக் கோபப்படாதவராக இருந்தால் போதும். ஆண்களும் வர வேண்டும். பிள்ளைகளைப் பார்ப்பது பெண்களின் வேலை என்ற பாடத்தை, வாயால் சொல்லாமலே, நாங்களே படிப்பித்துவிடக் கூடாது.

கிழமை நடுவில் ஒரு மாலை அரை மணித்தியாலம் கூடி, வருகிற ஞாயிறுக்கான கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிப் பாருங்கள். படிப்பிப்பவருக்கே அந்தக் கதையில் நம்பிக்கை வரவில்லை என்றால் அதை அங்கே சொல்லலாம். சந்தேகமே இல்லாதவர்களைத் தேடினால் ஆசிரியர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் பிள்ளைகளுக்கு அவரோடு ஒத்துவராது.

5. கதை: இங்கேதான் நேரத்தைச் செலவழியுங்கள்

இத்தாலியின் சோபியா கவல்லெட்டி 1954இல் ரோமில் பிள்ளை பொருட்களைத் தொட்டுப் பழகித் தானே கற்கிற மொண்டிசோரி முறையை வைத்துச் சிறுவர் மறைக்கல்வியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் ஜெரோம் பெரிமன் என்ற குருவானவர் ஒரு கதை முறையை வளர்த்தெடுத்தார். அடிப்படை எளிது. சொல்பவர் தரையில் இருப்பார். சின்னச் சின்னப் பொருட்களை நகர்த்தியபடி ஆறுதலாகச் சொல்லுவார். கண் பிள்ளைகளின் மேல் இருக்காது, பொருளின் மேல் இருக்கும். அப்போது பிள்ளைகளும் கதையைப் பார்ப்பார்கள். முடிவில் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்’ என்ற கேள்வி கிடையாது. உனக்கு எந்த இடம் பிடித்தது? எது முக்கியம் என்று நினைக்கிறாய்? இந்தக் கதையில் நீ எங்கே இருக்கிறாய்? எதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்? இந்த நான்கையும் யோசனையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குச் சரி பிழை சொல்லாமல் காத்திருப்பார்.

காத்திருப்பதுதான் கஷ்டம். நாங்கள் வாய் ஓயாத ஆட்கள். கேள்வி கேட்டு மூன்று விநாடியில் பதிலையும் நாங்களே சொல்லிவிடுவோம்.

யோனாவின் கதையை எடுத்துக்காட்டாக முழுதாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு யோனா என்றால் மீன். நான்கு அதிகாரத்தில் மீன் வருவது கொஞ்ச இடந்தான்; மூன்றாம் நான்காம் அதிகாரங்களை வகுப்பில் தொடுவதே இல்லை. புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தேவையான சாமான்: ஒரு சுளகு நிறைய மணல், ஒரு பழைய நீலச் சேலை, சிரட்டை ஒன்று, சின்ன மரத்துண்டுகள், ஒரு சாக்குத் துண்டு, ஒரு ஆமணக்கு இலை. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் யோனாவுக்கு நிழல் கொடுத்தது ஆமணக்குச் செடி. வெறுங்காணிகளில், குச்சு ஒழுங்கைக் கரைகளில் தேடினால் கிடைக்கும். இலையை மட்டும் கொண்டு வாருங்கள். ஆமணக்கு விதை நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அதைக் கொண்டு வரவே கூடாது.

மணலின் ஒரு மூலையில் மரத்துண்டுகளை நெருக்கமாக அடுக்குங்கள்: அது நினிவே, அசீரியரின் பெரிய நகரம். இன்றைக்கு ஈராக்கின் மோசுல் நகருக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அந்த அசீரியர்தான் இஸ்ரவேலின் வட இராச்சியத்தை அழித்து மக்களைச் சிறைபிடித்துப் போனவர்கள். இதைச் சொல்லாமல் கதையைத் தொடங்காதீர்கள். சொல்லாவிட்டால் யோனா வெறும் சொல்வழி கேளாத பிள்ளையாகிவிடுவார். கடவுள் கிழக்கே போ என்கிறார். யோனா யோப்பாவுக்குப் போய், தர்ஷீசுக்குப் போகிற கப்பலில் ஏறி, நேர் எதிர்த்திசையில் ஓடுகிறார். சிரட்டைதான் கப்பல், சேலைதான் கடல். புயல் வந்ததும் இரண்டு பிள்ளைகள் சேலையை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டட்டும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கப்பற்காரர்கள் யோனாவின் கடவுளைக் கும்பிடுபவர்கள் அல்ல, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் யோனாவைக் கடலில் போட மனமில்லாமல், கரை சேர்த்துவிட முடியுமா என்று தண்டு வலித்துப் பார்க்கிறார்கள். கதையில் அதுவரைக்கும் ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

மீனைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள். நினிவேயில் யோனா பேசியது ஒரே வரி: இன்னும் நாற்பது நாளில் நகரம் கவிழ்ந்துபோகும். அந்த ஒரு வரிக்கு ராசாவே இறங்கி வந்து சாக்கு உடுத்துச் சாம்பலில் இருக்கிறார். ஆடு மாட்டுக்கும் சாக்குப் போர்த்தச் சொல்லிக் கட்டளை போகிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அது சிரிக்க வேண்டிய இடந்தான். கடவுள் நகரத்தை அழிக்கவில்லை. யோனாவுக்குக் கோபம் வருகிறது, செத்துப்போகலாம் என்கிற அளவுக்கு. நகரத்துக்கு வெளியே போய் இருக்கிறார். ஆமணக்கு முளைக்கிறது, இலையை அவர் தலைக்கு மேலே பிடியுங்கள். அடுத்த நாள் பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது. செடிக்காக இவ்வளவு கவலைப்படுகிறாயே, வலது கை இடது கை தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரும் அவ்வளவு மிருகங்களும் இருக்கிற நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள்.

சின்னவர்கள் மணலில் விளையாடுவார்கள், படம் கீறுவார்கள். நடுக் குழுவிடம், யோனா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எழுதச் சொல்லலாம். மூத்தவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எங்களுக்கு நினிவே எது? யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி லேசானது அல்ல. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் படம் மாட்டியிருக்கிற வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை வந்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் ‘மன்னித்துவிட வேண்டும்’ என்று யாரும் சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. யோனா கோபப்பட்டதற்காகக் கடவுள் அவரை அடிக்கவில்லை, பக்கத்தில் இருந்து பேசுகிறார். அதைக் காட்டினால் போதும். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் சொல்லத் தேவையில்லை என்பதைக் கேள்விக்கு முன்னரே சொல்லிவிடுங்கள்.

மற்றக் கதைகளுக்கும் இதே மாதிரி சொந்தமாகப் பொருள் தேடிக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்தது, சிலுவையின் ஆணிகளும் இரத்தமும் வேண்டாம். நோவாவின் பேழையைப் பொம்மைக் கதையாகச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீருக்குள் போனவர்களைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கத்தான் செய்யும். பன்னிரண்டு வயதில் அதை முழுதாக எடுத்து வாக்குவாதப்படலாம்.

6. பிள்ளைகள் கேட்கிற கஷ்டமான கேள்விகள்

“ரீச்சர், எங்கட அம்மம்மா சைவம். அவ செத்தா நரகத்துக்கோ போவா?”

இந்தக் கேள்வி வராத ஞாயிறு பாடசாலை இங்கே இருக்காது. வீட்டுக்கு வீடு சைவச் சொந்தம் உண்டு. பூசி மெழுகிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். நான் சொல்லித் தருகிற பதில் இதுதான்: “அம்மம்மாவில உனக்கு எவ்வளவு பாசமோ, அதைவிடக் கடவுளுக்கு அவவில பாசம் கூட எண்டு நான் நம்புறன். வேற மாதிரி நம்புற ஆக்களும் சபையில இருக்கினம். உனக்கு எப்பிடித் தெரியுது?” முதலில் தன் நம்பிக்கை, பிறகு வேறு கருத்தும் உண்டு என்ற உண்மை, பிறகு பிள்ளையின் முறை. எந்தக் கஷ்டமான கேள்விக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

படைப்பைப் பற்றிக் கேட்டால் பதினொரு வயதுக்காரரிடம் ஆதியாகமத்தைக் கொடுத்து இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். முதலாம் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில், மனிதர் கடைசியில். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், மிருகங்கள் பிறகு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இது விஞ்ஞானக் கொப்பி இல்லை என்பது தெரிந்திருந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். டைனோசரை ஏன் காணவில்லை என்ற கேள்வியும் அதோடு அடங்கிவிடும்.

‘செபம் பண்ணினேன், அப்பாவுக்குச் சுகம் வரவில்லை’ என்பதற்குத் தயார் பதில் எதுவும் இல்லை. விசுவாசம் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கீதம் 13ஐ எடுத்து, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே முறைப்படலாம் என்பதைக் காட்டுங்கள்.

மூத்தவர்கள் வகுப்பில் ஆண் பெண் பேச்சும், நடை உடையை வைத்து ஒரு பெடியனைக் கேலி செய்வதும் வரும். கேலியை உடனே நிறுத்துங்கள். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி உங்களிடம் ஒன்றை நம்பிச் சொன்னால், பிள்ளைக்கு ஆபத்து இல்லாத வரைக்கும், அதை வீட்டுக்கோ போதகருக்கோ கொண்டு போகாதீர்கள்.

7. ஊரின் கதையையும் சொல்லுங்கள்

வேதாகமத்தோடு ஊரையும் வாசிக்கப் பழக்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் வந்து இறங்கியது, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. பெருமைப்பட நிறைய உண்டு. அதை மட்டும் சொன்னால் அரைக் கதை. வட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர் சூட்டப்பட்டதையும் சொல்லுங்கள். ‘உன்ர பேரை ஒருத்தர் காசு தந்து மாத்தினா உனக்கு எப்பிடி இருக்கும்?’ என்று கேளுங்கள்.

1850இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அதே நாவலர்தான் மிஷனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நாவலருக்கு ஏன் கோபம் வந்தது என்று கிறிஸ்தவப் பிள்ளை ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். மூத்தவர்களை நல்லூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இதைச் சொன்னால் இன்னும் நல்லது.

சாதியைப் பற்றிப் பேச யோவான் 4ஐ விட நல்ல இடம் இல்லை. ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறில்லாத குடாநாடு இது, கிணற்றை நம்பி வாழ்ந்த ஊர்கள். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யாருக்கு வாளியில் வார்க்க வேண்டும் என்ற கணக்கை அப்பப்பா அப்பம்மாமார் கண்ணால் கண்டவர்கள். யூதர் ஒதுக்கிவைத்த சமாரியரில் ஒரு பெண்ணிடம், கிணற்றடியில், இயேசு தண்ணி கேட்கிற இடத்தை வாசித்துவிட்டு, பிள்ளைகளை வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பழைய கிணற்றைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த கிழமை சில வீடுகளிலிருந்து தொலைபேசி வரும். வரட்டும். பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கேட்டுப் போராடிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசில் முன்னின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். இந்தப் பேச்சு சபைக்குப் புதிதல்ல என்று சொல்லிக்கொள்ளலாம்.

போரைப் பற்றி: 1995 ஒக்டோபர் 30 வலிகாமத்து இடப்பெயர்வைக் கண்ட பெரியவர்கள் சபையில் இருக்கிறார்கள். யாத்திராகமம் படிக்கும்போது விருப்பமான ஒருவரை அழைத்து, கொண்டு போன சாமான் எது, விட்டுப்போனது எது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிணக்கதை வேண்டாம். 1990 ஒக்டோபரில் இங்கிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் துரத்தப்பட்டதை மட்டும் படிப்பித்தால் அது பாதிப் பாடம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகளும் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும். ஒரு கூட்டத்தார் செய்ததற்கு ஐந்து சந்தி முஸ்லிம் கடைக்காரர் பொறுப்பில்லை என்பதை வளைக்காமல் நேராகச் சொல்லுங்கள்.

8. ஆண்டுத் திட்டம்

ஆண்டு முழுக்க எழுதி வைக்கத் தேவையில்லை, ஒரு தவணைக்கு எழுதினால் போதும். தையில் பொங்கல்: சபை முற்றத்தில் பொங்குங்கள், ஆதியாகமத்தின் மழையையும் விதைப்பையும் வாசியுங்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் ஒரே கதையை ஆறு கிழமைக்குப் பிரித்துச் சொல்லலாம். குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் ஓலை பின்னத் தெரிந்த ஒரு ஆச்சியைப் பிடித்தால் அதுவே வகுப்பு. அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் நட்ட கத்தரியும் ஏலத்தில் போகட்டும்.

கார்த்திகை வந்தால் கிறிஸ்மஸ் ஒளிவிழா. ஒத்திகை ஆறு கிழமை வகுப்பை விழுங்கிவிடும், யாரும் அதைக் கேள்வி கேட்பதும் இல்லை. நாடகத்தைச் சுருக்கி ஒத்திகையைக் கடைசி இரண்டு கிழமைக்குள் முடியுங்கள். மிச்ச நேரத்தில் மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிற இயேசு பிறந்த கதையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குழந்தையைப் பார்க்க வந்த சாஸ்திரிமார் மத்தேயுவில் மட்டும், மேய்ப்பர் லூக்காவில் மட்டும். சாஸ்திரிமார் மூன்று பேர் என்று எங்கேயும் இல்லை, கழுதையும் இல்லை. இந்த முறை நாடகத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுகிற குடும்பத்தையும் மேடையில் ஏற்றுங்கள், மற்ற வருடங்களில் அதை விட்டுவிடுகிறோம்.

பாட்டுகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எதிரியை மிதிப்பது, படை எடுப்பது என்று கைதட்டிப் பாடுகிற சில பாட்டுகளை எடுத்துவிடலாம். கீர்த்தனைகளைக் கைவிடாதீர்கள்; பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் விளங்காது என்பது எங்கள் சாட்டு.

9. பெற்றோர்

தவணைக்கு ஒருமுறை கூட்டம் வையுங்கள், தேநீரும் பணிசும் கொடுங்கள். கூட்டத்தில் விளக்கம் சொல்வதைவிடப் பெற்றோரையே பாயில் இருத்தி ஒரு கதையைச் சொல்லிக் காட்டுங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். வசனம் பாடமாக்கவில்லை என்ற முறைப்பாடு வரும். அதில் நியாயம் உண்டு. இருபத்துமூன்றாம் சங்கீதம், மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்கள், கர்த்தருடைய செபம், மீகா 6:8 ஆகியவற்றைப் பாடமாக்க வையுங்கள். கஷ்டம் வரும்போது வாயில் வருவது பாடமாக்கியதுதான். பரிசும் போட்டியும் மட்டும் வேண்டாம்.

ரியூசன் நேரம் முட்டினால் பெற்றோரைக் குற்றம் சாட்டாதீர்கள். புலமைப்பரிசில் வருடத்தில் வராத பிள்ளையைச் சனி பின்னேரம் வரச் சொல்லலாம், இல்லாவிட்டால் பரீட்சை முடிந்து திரும்பி வரும்போது எதுவும் கேட்காமல் பாயில் இடம் கொடுக்கலாம்.

10. திடப்படுத்தல் வரைக்கும், அதற்குப் பிறகும்

திடப்படுத்தல் என்பது பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே சபைக்கு முன்னால் அறிக்கையிடுகிற சடங்கு. சாதாரண தர வருடத்தில் அதற்கான வகுப்பு வைக்காதீர்கள். ஒரு வருடம் முந்தியோ பிந்தியோ போடுங்கள். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் அல்லாத ஒரு மூத்த சபையாரைத் துணையாகக் கொடுங்கள். கேள்வி பதில் புத்தகத்தை ஒப்புவிப்பதோடு விட்டுவிடாமல், தான் நம்புவதையும் நம்பக் கஷ்டப்படுவதையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைப் போதகர் மட்டும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும்.

‘எனக்கு இப்ப வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை சொல்லலாம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்குமான சுதந்திரத்தைப் பிள்ளைக்கும் தருகிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று, லண்டனிலிருந்து மாமா வருகிறார் என்பதெல்லாம் காரணமாகாது. பெற்றோருக்கு அதைச் சொல்ல வேண்டியவர் போதகர். பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டாதீர்கள், அடுத்த வருடம் ஒரு முறை கேளுங்கள், அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள்.

திடப்படுத்தல் எடுத்தவர்களுக்குச் செயற்குழுவில் இரண்டு இடம் ஒதுக்குங்கள், வாக்கும் கொடுங்கள். ஞாயிறு பாடசாலைக் கணக்குக் கொப்பியும் சாமான் அலுமாரித் திறப்பும் அவர்களிடம் இருக்கட்டும். அடுத்த தவணைக்கு எந்தக் கதைகள் என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் அவர்களை முதலில் பேச விடுங்கள்.